ஆடிப் பெருக்கு எந்த ஆண்டில்? பொன்னியின் செல்வனின் காலக்கணக்கும் வாசகர் வழக்கும்

கல்கியின் பொன்னியின் செல்வன் குறித்து வாசகர்களிடையே நடைபெறும் வாதங்களில் மிகப் பழமையானதும் இன்றும் ஓயாததும் காலக்கணக்கு பற்றியது. கதை எந்த ஆண்டில் நிகழ்கிறது, நந்தினிக்கு வயது என்ன, வந்தியத்தேவன் ஈழம் சென்று மீள எத்தனை நாள்கள் ஆயின, ஆதித்த கரிகாலன் கொலைக்கும் கொலையாளிகளின் தண்டனைக்கும் இடையே எத்தனை ஆண்டுகள் கழிந்தன என்பன அவ்வாதத்தின் வினாக்கள். தமிழ்த்துறைகள் இவ்வாதத்தைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கியே வந்துள்ளன. அவ்வொதுக்கம் சரியன்று என்பதே இக்கட்டுரையின் கருத்து. நம் இலக்கிய மரபில் உரையாசிரியர் செய்த பணியின் ஒரு பகுதியை இன்று இவ்வாசகர்கள் செய்துவருகின்றனர். அதை முறைப்படுத்தும் கடமையிலிருந்து துறைகள் விலகி நிற்பதால் விளையும் தீங்குகளும் உண்டு.

கதைக்குள் ஓடும் காலத்தை நாள் நாளாக எண்ணிப் பார்க்கும் வழக்கம் நமக்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் இந்திர விழாத் தொடக்கத்தையும் மதுரை எரியுண்ட ஆடித் தேய்பிறை அட்டமி வெள்ளிக்கிழமையையும் கொண்டு நடந்த காலக்கணக்கு வாதம் அறிஞர் நன்கறிந்தது. காப்பியத்தின் அகச்சான்றுகளையும் அடியார்க்கு நல்லாரின் சோதிடக் குறிப்புகளையும் இணைத்துக் கணித்த எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை கி.பி. 756 என்ற ஆண்டுக்கு வந்தார். கயவாகுவின் பெயரைப் பற்றிக்கொண்டு இரண்டாம் நூற்றாண்டை வலியுறுத்திய கனகசபைப் பிள்ளை வழியினர் அதை ஏற்கவில்லை. எவர் சரி என்பது இங்கே வினா அன்று. காப்பியத்துக்குள் ஓடும் காலத்தையும் காப்பியம் பேசும் வரலாற்றுக் காலத்தையும் ஒரே நூலிழையில் கோக்க முயன்றதே அவ்வாதத்தின் வலிமையும் வழுவும் ஆகும். பொன்னியின் செல்வன் வாசகரின் நிலையும் இதுவே.

இம்முயற்சியின் எல்லையைக் காட்டும் சான்று ஒன்று இக்கட்டுரையாளர் வாழும் திருமழிசையிலேயே உள்ளது. இவ்வூரில் தை மகத்தில் அவதரித்த திருமழிசையாழ்வார் 4700 ஆண்டுகள் நிலவுலகில் வாழ்ந்தார் என்பது வைணவ குருபரம்பரை மரபு. இவ்வெண்ணைக் கண்டு நகைத்துவிட்டுக் கடந்துபோவது எளிது. அது எவ்வாறு உருவாகியிருக்கக் கூடும் என்று எண்ணிப் பார்த்தால் வேறொன்று புலப்படும். ஆழ்வாரின் அவதாரம் துவாபர யுகத்தது என்பது மரபின் ஒரு முனை. கணிகண்ணனை நாடு கடத்திய காஞ்சிப் பல்லவ மன்னன் காலத்தில் அவர் இருந்தார் என்பதும், திருவெஃகாப் பெருமாள் அவர் சொன்னவண்ணம் பைந்நாகப் பாயைச் சுருட்டிக்கொண்டு உடன் சென்றார் என்பதும் மறு முனை. இரு செய்திகளையும் கைவிட மனமில்லாத அன்பர்க்கு நடுவே கிடக்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளை நிரப்ப ஒரே வழிதான் உண்டு. ஆழ்வாரின் ஆயுளை நீட்டுவது. 4700 என்பது அவ்வகையில் ஒரு காலக்கணக்குச் சிக்கலுக்கு மரபு கண்ட தீர்வு என்று கொள்வதே பொருத்தம். பின்னர் மு. இராகவையங்கார் ஆழ்வார்கள் காலநிலையில் நான்முகன் திருவந்தாதியில் வரும் குணபரன் என்னும் சொல்லை முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயரோடு இணைத்து, ஆழ்வாரை ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குக் கொணர்ந்தார். அச்சொல் திருமாலைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவும் இருக்கலாம் என்னும் தடை எழுந்தது. ஆயினும் முறை மாறிவிட்டது. அன்பர் இரு செய்திகளையும் காக்க ஆண்டுகளை நீட்டினார். ஆய்வாளர் ஆண்டைப் பெற ஒரு செய்தியை விட்டுக்கொடுத்தார். பொன்னியின் செல்வன் வாசகர் இவ்விருவருக்கும் இடையே நிற்கின்றனர்.

கல்கி காலத்தை மறைத்தவர் அல்லர். முதல் அத்தியாயத்திலேயே, தாம் எழுதும் காலத்திலிருந்து 982 ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடிப் பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவனைக் குதிரைமீது கொண்டுவந்து நிறுத்துகிறார். தொடர் கல்கி இதழில் 1950 அக்டோபர் இறுதியில் தொடங்கியது. எனவே ஆண்டு 968. அன்று தொட்டு 1954 மே வரை, ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள், வாரந்தோறும் கதை வளர்ந்தது. கதைக்குள்ளோ ஆடியில் தொடங்கிய புதுவெள்ளம், மழைக்காலப் புயலையும் கொள்ளிட வெள்ளத்தையும் கடந்து சில மாதங்களில் முடிந்துவிடுகிறது. அக்கால வாசகர் மூன்றரை வயது மூத்தனர். வந்தியத்தேவனுக்கு ஓர் அகவைகூட நிறையவில்லை. இதழிலிருந்து பக்கங்களைப் பிரித்தெடுத்துக் கட்டடம் செய்து வைத்த குடும்பங்களில் ஒரே கதையை முதலில் வாரக்கணக்கிலும் பின்னர் நாள்கணக்கிலும் படித்தவர் பலர். காலக்கணக்கு வாதம் வளர்வதற்கு இந்த இரட்டை வாசிப்பே வித்தாக இருந்திருக்க வேண்டும். வாரம் ஒன்றாகப் படிக்கும்போது தோன்றாத இடைவெளிகள், ஐந்து பாகங்களையும் தொடர்ந்து படிக்கும்போது துருத்திக்கொண்டு தெரிகின்றன.

இனி வாதத்தின் உள்ளே செல்லலாம். நந்தினியின் வயது வாசகரிடையே நெடுநாளைய வழக்கு. கதையில் அவள் ஆதித்த கரிகாலனோடும் குந்தவையோடும் இளம்பருவத்தில் பழகியவள். அவள் பிறப்போ, மந்தாகினி சுந்தர சோழரை இளவரசராகக் கண்டு அதிர்ந்து நீங்கிய காலத்தோடு பிணைக்கப்பட்டுள்ளது. சுந்தர சோழர் இளவரசுப் பட்டம் பெற வேண்டுமாயின் பட்டத்துக்குரிய மூத்தவனான இராசாதித்தன் இறந்திருக்க வேண்டும். இராசாதித்தன் தக்கோலப் போரில் யானை மீதிருந்து மாண்டது 949-இல். (தக்கோலம் திருமழிசையிலிருந்து மேற்கே நெடுந்தொலைவில் இல்லை, சோழ வரலாற்றின் திருப்பங்கள் அனைத்தும் காவிரிக் கரையில்தான் நிகழ்ந்தன என்னும் எண்ணத்தைக் கல்கியின் வாசகர் சற்றே மாற்றிக்கொள்ளலாம்.) ஆக நந்தினி 949-க்கு முன் பிறந்திருக்க இயலாது, 968-இல் அவளுக்குப் பத்தொன்பதுக்கு மேல் இராது. பராந்தகரின் இறுதி நாள்களோடு பட்டத்தைப் பிணைத்து, அவர் மறைவை 955 என்று கொண்டால் அவள் பதின்மூன்று வயதுச் சிறுமி. பழுவூர் இளையராணியாக அரசியலை ஆட்டி வைக்கும் பெண்ணுக்கு இவ்வயது பொருந்துமா?

இங்கே வாசகர் இரு பிரிவாகின்றனர். கல்கி கதை வளர்ந்த வேகத்தில் கணக்கை விட்டுவிட்டார் என்பது ஒரு சாரார் கருத்து. மற்றவரோ, பட்டம் 949-ஐ ஒட்டியே கட்டப்பட்டது, பராந்தகர் அதன்பின் சில ஆண்டுகள் வாழ்ந்தார் என்று அமைதி கூறுகின்றனர். இரண்டாம் விடை திருமழிசை மரபின் விடை போன்றதே. எதையும் இழக்காமல் அனைத்தையும் காக்க முயல்வது. எனினும் அது வெறும் பற்றினால் எழுந்ததன்று. அதற்காக அவர்கள் தக்கோலப் போரையும் சோழர் பட்ட வரிசையையும் படித்தாக வேண்டியிருக்கிறது. ஓர் இலக்கிய வரலாற்று வகுப்பு இதைவிட அதிகமாக என்ன கேட்டுவிடப் போகிறது?

நாகைச் சூடாமணி விகாரம் வேறு வகையான வழக்கு. கதையில் நோயுற்ற அருள்மொழிவர்மர் அவ்விகாரத்தில் பிக்குகளின் பராமரிப்பில் தங்கியிருக்கிறார். ஆனைமங்கலச் செப்பேடு அல்லது பெரிய லெய்டன் செப்பேடு எனப்படும் ஆவணத்தின்படி, அவ்விகாரம் ஸ்ரீவிஜய மன்னன் மாறவிஜயோத்துங்கவர்மன் தன் தந்தை சூடாமணிவர்மன் பெயரால் எடுப்பித்தது. அதற்கு ஆனைமங்கலத்தை இராசராசன் வழங்கியது தன் 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1005-06 அளவில். கதைக்கும் செப்பேட்டுக்கும் இடையே நாற்பது ஆண்டுக்கு அண்மையான இடைவெளி. கல்கி இச்செப்பேட்டை அறியாதவர் அல்லர். கதையிலேயே அதைப் பற்றிப் பேசுகிறார். பின்னாளில் நிகழ்ந்த கொடைக்கு முன்னாளில் ஒரு காரணத்தைக் கற்பித்துத் தந்தார் அவர். கொடை வரலாறு, காரணம் புனைவு. இதனைப் பிழை என்பது, திருவெஃகாவில் பெருமாள் கிடந்த கோலம் மாறிக் காணப்படுவதற்குக் காரணம் சொல்லும் ஆழ்வார் வரலாற்றைப் பிழை என்பது போன்றதே. இருப்பதை விளக்க முன்கதை படைப்பது புராணத்தின் வேலை. கல்கி அவ்வேலையைக் கல்வெட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு செய்தார் என்பதே புதுமை.

இதுவரை சொன்னவை சுவையான வழக்குகள். கொலை வழக்கு அவ்வாறன்று. காட்டுமன்னார்கோயில் உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு, இராசகேசரியின் இரண்டாம் ஆட்சியாண்டில், பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்ற துரோகிகளாகச் சோமன், இரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோரைக் குறித்து, அவர்தம் உறவினரின் உடைமைகள் பற்றிப் பேசுகிறது. இராசராசன் பட்டமேறியது 985. ஆக இக்கல்வெட்டு 986-87 அளவினது. கரிகாலன் மாண்டது 970-ஐ ஒட்டி. இடையில் உத்தம சோழனின் ஆட்சி. அவ்விடைவெளியைக் கண்டு உத்தமன் மீது ஐயுற்றார் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியார். அவ்வையத்தை மறுத்தார் தி. வை. சதாசிவ பண்டாரத்தார். இரண்டாம் ஆண்டுக் கல்வெட்டு தண்டனை அவ்வாண்டில்தான் தொடங்கியது என்று சொல்லவில்லை. முன்பே பறிமுதலான நிலம் பின்னர் கைமாறியதையும் அது குறிக்கலாம் என்பது கவனிக்கத்தக்க வாதம்.

கல்கியின் கதை இந்தப் பதினாறு ஆண்டுகளை விழுங்கிவிட்டது. கொலை நடந்த சில நாள்களிலேயே கொலையாளிகளின் பெயர்கள் வாசகருக்குத் தெரியும். உத்தம சோழராக முடிசூடுபவரோ சேந்தன் அமுதன் என்னும் தூய உள்ளத்தினர். அதனால் சாஸ்திரியார் எழுப்பிய ஐயத்துக்கே இடமில்லாமல் போகிறது. புனைவுக்கு இவ்வுரிமை உண்டு. ஆனால் கதையின் காலம் வரலாற்றின் காலமாகப் படிக்கப்படும்போது, திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வதும் (மக்கள் வேண்டியும் அருள்மொழி தன் சிற்றப்பன் விரும்பும்வரை அரசை விரும்பவில்லை என்பது) கதை சொல்வதும் ஒன்றே என மயக்கம் நேர்கிறது. அரசர் அவையில் எழுதப்பட்ட புகழ்ச்சி, நாவலின் தியாகச் சிகரத்தால் மெய்ப்பிக்கப்பட்டதாகிவிடுகிறது. மறுபுறம், கொலையாளிகளின் பிரமாதிராசன் பட்டத்தைக் கொண்டு ஒரு சமூகத்தின் மீதே ஆயிரம் ஆண்டுப் பழியைச் சுமத்தும் பேச்சும் இதே மயக்கத்தில்தான் வேர்கொள்கிறது. 2022, 2023 ஆண்டுகளில் திரைப்படம் இரு பாகங்களாக வந்தபின் இம்மயக்கம் பெருகியது என்பதை வகுப்பறையில் இருப்போர் அறிவர். ஆய்வேடுகளின் அடிக்குறிப்புகளில் நாவலின் அத்தியாய எண் கல்வெட்டு எண்ணுக்கு ஒப்பாக நிற்பதைத் தேர்வாளராகக் கண்டு திருத்தச் சொன்ன அனுபவம் பலருக்கும் இருக்கும்.

வாசகரை இதற்குக் குறை கூறுவதில் பொருளில்லை. காலக்கணக்கில் ஊன்றியவரே இம்மயக்கத்திற்கு ஆளாகாதவர். ஏனெனில் எந்த இடத்தில் கதை கல்வெட்டைவிட்டு விலகுகிறது என்பதை அவர்கள் நாள், திங்கள் வாரியாக அறிவர். ஆங்கில உலகில் ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளின் நிகழ்வாண்டுகளை வகுக்கும் முயற்சி, ரொனால்ட் நாக்ஸ் 1911-இல் விவிலிய ஆய்வு முறையை நையாண்டி செய்ய எழுதிய கட்டுரை காட்டிய வழியில் வளர்ந்து, தனித் துறை போலவே ஆயிற்று. டோல்கீனோ தம் புனைவுலகுக்குத் தாமே ஆண்டு அட்டவணை எழுதிப் பின்னிணைப்பாகத் தந்தார். அதனால் அவர் வாசகருக்கு நீதிபதி ஆசிரியரே. கல்கியின் வாசகருக்கு அவ்வசதியில்லை. அவர்கள் முறையீடு செய்யும் மன்றம் கல்வெட்டு. அது அவர்கள் விரும்பும் தீர்ப்பைத் தரும் என்ற உறுதியும் இல்லை. விக்கிரமனின் நந்திபுரத்து நாயகி போன்ற தொடர்ச்சிப் படைப்புகள் எழுந்தமைக்கும் விழுங்கப்பட்ட அந்த ஆண்டுகளே இடம் தந்தன.

தமிழ்த்துறைகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அது பெரும் பொருட்செலவு வேண்டாததும்கூட. கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமையாயின. அதன்பின் பதிப்பகம்தோறும் பொன்னியின் செல்வன் வெளிவருகிறது. இதழில் ஒவ்வோர் அத்தியாயமும் வெளிவந்த நாளைக் குறித்து, நூற்பதிப்புகளின் பாடவேறுபாடுகளைக் காட்டி, கல்வெட்டு, செப்பேட்டுச் செய்திகளை அடிக்குறிப்பில் தனியே நிறுத்தும் ஆய்வுப் பதிப்பு ஒன்று வேண்டும். சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் 1892-இல் அடியார்க்கு நல்லார் உரையோடு பதிப்பித்தபோது காலக்கணக்கு வாதத்துக்கு மூலப்பொருள் கிடைத்தது. நாவலுக்கு அத்தகைய மூலப்பொருளை நாம் இன்னும் தரவில்லை. அப்பதிப்பின் முதல் அடிக்குறிப்பு 982 என்னும் எண்ணுக்கு வேண்டியதாகும். அவ்வெண் 1950-இலிருந்து எண்ணப்பட வேண்டியது. எழுதிய ஆண்டை மறந்து, தான் படிக்கும் ஆண்டிலிருந்து அதைக் கழிக்கும் இன்றைய மாணவருக்கு, ஆடிப் பெருக்கன்று ஏரிக்கரையில் வந்து நிற்பவன் இராசேந்திரன் காலத்து வீரனாகிவிடுவான்.