மேட்டூர்தான் மேட்டர்!

செமஸ்டர் முடிஞ்சதும் கேங்கா ஏற்காடு கிளம்பற கோஷ்டியா நீங்க? 20 கொண்டை ஊசி வளைவையும் பைக்கில் மடக்கி ஏறி, லேடீஸ் சீட்ல ஆளாளுக்கு போஸ் கொடுத்து முடிச்சாச்சா? சரி, அப்படியே மேற்கே பாருங்க. மூட்டம் இல்லாத நாளில் அங்கிருந்து மேட்டூர் அணை தெரியும்னு சொல்வாங்க. தெரியலைன்னாலும் பரவாயில்லை பாஸ், இந்த வாரம் நமக்கு மேட்டூர்தான் மேட்டர்.

1925-ல் வேலை ஆரம்பிச்சு, 1934-ல் திறந்த அணை. 120 அடி தண்ணி நின்னா 93.47 டி.எம்.சி. டெல்டா விவசாயி ஜூன் 12 எப்ப வரும்னு காத்திருக்கிறது இந்தத் தண்ணிக்குத்தான். 1937-ல் இருந்து கரண்டும் வருது. அணை மின்நிலையம் 50 மெகாவாட், சுரங்க மின்நிலையம் 200 மெகாவாட். ஆக, மேட்டூர் ஒண்ணும் வில்லன் இல்லை.

ஆனா வரவு எழுதினா செலவும் எழுதணுமில்லையா? நிரம்பினா சுமார் 153 சதுர கிலோமீட்டருக்குப் பரவுற தண்ணி அது. அடியில் இருப்பது வெறும் பாறை இல்லை. ஊர், வயல், கோயில், சர்ச். கோடையில் நீர்மட்டம் இறங்கினா பண்ணவாடி பக்கம் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும், சர்ச்சின் இரட்டைக் கோபுரமும் வெளியே வரும். நாம போய் செல்ஃபி எடுப்போம். அங்கே குடியிருந்தவங்க பேரப்பிள்ளைகளுக்கு அது போட்டோ ஸ்பாட் இல்லை, பூர்வீக வீடு.

அப்புறம் வண்டல். ஆறு சுமந்துட்டு வந்த மண் அணைக்குள்ளேயே படியுது. கடலில் இருந்து ஆற்றில் ஏறி வர்ற உல்லம் மீன் (வங்காளிகள் உயிரை விடும் அதே ஹில்சா!) வெள்ளம் அடங்கினதும் காவிரியில் அருகிப்போச்சு. அணை கட்டும் முன்னாடி சுற்றுச்சூழல் பாதிப்பை ஆய்வு செஞ்சே ஆகணும்னு சட்டம் இங்கே 1994-ல்தான் வந்தது. மேட்டூருக்கு 60 வருஷம் லேட்!

சட்டம் வர்றதுக்கு முன்னாடியே கணக்குக் கேட்டவங்க பக்கத்து மாநிலத்தில் இருந்தாங்க. பாலக்காடு மாவட்டம், சைலன்ட் வேலி. குந்திப்புழாவில் 120 மெகாவாட் நீர்மின் திட்டம். சுமார் 830 ஹெக்டேர் மூழ்கும். சிங்கவால் குரங்கு வாழும் மழைக்காடும் அதில் அடக்கம். 1979-ல் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் ஒரு அறிக்கை போட்டது. எழுதினது யார் தெரியுமா? பாட்டனி பேராசிரியர், எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயர், பொருளாதாரம் படிச்சவர்னு கலவையான ஒரு டீம். "காடு அழகா இருக்கு, விட்டுடுங்க"ன்னு புலம்பலை. காட்டைத் தொடாமல் மலபாருக்கு வேற வழியில் கரண்ட் தர முடியுமான்னும் கணக்குப் போட்டாங்க. எழுத்தாளர்கள், மாணவர்கள், விஞ்ஞானிகள்னு குரல் பெருகிச்சு. திட்டம் கைவிடப்பட்டது, 1984-ல் அது தேசியப் பூங்கா.

இப்ப நம்ம விஷயத்துக்கு வருவோம். இன்னிக்குப் பெரிய அணைத் திட்டம் வந்தா, பொதுவா மக்கள் கருத்துக்கேட்பு நடக்கணும். 30 நாள் முன்னாடி பேப்பரில் அறிவிப்பு வரும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்கணும். ஆனா அந்த அறிக்கையில் பாதி வாட்டர் ஃப்ளோ, பாதி பூச்சி பேரு. மலையில் ஆடு மேய்க்கிற பெரியவர் அதை எப்படிப் படிப்பார்?

நீங்க படிக்கலாமே! சிவில் ஸ்டூடன்ட் நீரோட்டக் கணக்கைப் பார்க்கட்டும். ஜுவாலஜி, எந்த உயிரினம் விட்டுப்போச்சுன்னு பார்க்கட்டும். எகனாமிக்ஸ், நஷ்டஈட்டுத் தொகை நியாயமான்னு பார்க்கட்டும். தமிழ் டிபார்ட்மென்ட் அதை ஊருக்குப் புரியும்படி எழுதட்டும். கணக்கு சரியா வந்தா ஆதரிங்க, இல்லைன்னா மைக் முன்னாடி நின்னு கேளுங்க.

எல்லாம் அணை கட்டறதுக்கு முன்னாடி! தண்ணி நிரம்பினப்புறம் சாட்சி சொல்ல நந்தி மட்டும்தான் மிச்சம். அதுவும் கோடையில் மட்டும்.