கைக்கும் கூலி உண்டு

அமெரிக்காவில் டி.ஓ. பட்டம் பெற்ற ஆஸ்டியோபதி மருத்துவர்களுக்கு, எம்.டி. படித்தவர்களைப் போலவே மருந்து எழுதவும் அறுவை சிகிச்சை செய்யவும் முழு உரிமம் உண்டு. கூடவே, தசையையும் மூட்டையும் கையால் அழுத்தி, நீவிச் சரிசெய்யும் சிகிச்சையையும் கற்கிறார்கள். 1892இல் மிசௌரி மாநிலத்தின் கர்க்ஸ்வில்லில் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிய பள்ளியின் அடித்தளமே அதுதான். ஆனால், கற்றதை அன்றாடம் பயன்படுத்துவோர் இன்று சிறுபான்மையினரே. நேரமின்மையும் காப்பீட்டு நிறுவனங்கள் தரும் கட்டணமும் முக்கியக் காரணங்கள் என்கிறார்கள் மருத்துவர்கள்.

கட்டண முறையைப் பாருங்கள். இந்தச் சிகிச்சைக்கு 98925 முதல் 98929 வரை ஐந்து குறியீடுகள். கழுத்து, இடுப்பு, விலா என்று எத்தனை உடற்பகுதிகள் என்பதே கணக்கு. எவ்வளவு நேரம் என்பதல்ல. இடுப்பில் மட்டும் இருபது நிமிடம் பொறுமையாக வேலை செய்தாலும் மிகக் குறைந்த தொகைதான். அதே நாளில் நோயாளியைத் தனியாகப் பரிசோதித்ததற்கும் பணம் கேட்டால், 25 என்ற இணைப்பு எண்ணோடு ஆவணமும் காட்ட வேண்டும். அப்படியும் காப்பீட்டு நிறுவனங்கள் மறுப்பதுண்டு. அலுத்துப்போன சிலர் காப்பீட்டை விட்டுவிட்டு நேரடியாகக் கட்டணம் வாங்குகிறார்கள். வசதியற்ற நோயாளிக்கு அந்தக் கதவு அடைபடுகிறது.

கைச்சிகிச்சை சர்வரோக நிவாரணி அல்ல. ஆனால், இடுப்புவலிக்கு முதலில் மருந்தில்லா வழிகளை நாடச் சொன்ன 2017ஆம் ஆண்டின் அமெரிக்க மருத்துவ வழிகாட்டுதலில், முதுகெலும்புக்கான கைச்சிகிச்சையும் இடம்பெற்றது. மாத்திரைக்குத் தயங்காமல் பணம் தரும் காப்பீட்டு நிறுவனங்கள், மருத்துவர் செலவிடும் நேரத்துக்கும் உரிய கட்டணம் தர வேண்டும்.