பட்டாம்பூச்சியும் பத்து பாயின்ட் எழுத்தும்

செமஸ்டர் பரீட்சை ஒருவழியாக முடிந்தது. இரண்டு மாதமாக மனசுக்குள் உறுத்திக்கொண்டிருந்த ஒரு விஷயத்தை இன்றைக்குக் கொட்டிவிடுகிறேன். தலைப்பைப் பார்த்துக் கவிதை என்று நினைத்து ஓடிவிடாதீர்கள். எழுத்துருவைப் பற்றி, அதாவது ஃபான்ட் பற்றித்தான் எழுதப் போகிறேன். பி.காம் படிக்கிறவளுக்கு ஃபான்ட் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். டிசைன் தெரியாதுதான். ஆனால் நோட்டீஸ் படிக்கத் தெரியும். சட்டப் பாடத்திலும் பாஸ் செய்திருக்கிறேன். அது போதும்.

மேட்டர் இதுதான். மார்ச் 8 மகளிர் தினத்துக்கு எங்கள் கல்லூரியில் போஸ்டர் தயாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மஞ்சள் பின்னணி, தடித்த கறுப்பு எழுத்து. "யாராவது தொல்லை கொடுத்தால் யாரிடம் சொல்வது?" என்று ஒரே ஒரு கேள்வி. கீழே புகார்க் குழு உறுப்பினர்களின் பெயர், போன் நம்பர், மகளிர் உதவி எண் 181. அவ்வளவுதான். மூன்று நாள் கழித்து வாசலில் கட்டிய ஃபிளெக்ஸைப் பார்த்தால் தலை சுற்றியது. ரோஸ் கலர். நான்கு பட்டாம்பூச்சி. கூந்தல் பறக்கும் ஒரு பெண்ணின் நிழலுருவம். முறுக்குப் பிழிந்த மாதிரி சுருண்டு சுருண்டு ஒரு எழுத்தில் "மகளிர் தின வாழ்த்துகள்". நம்பர்கள்? காணோம். கேட்டதற்கு, "பொண்ணுங்க ஃபங்ஷன்தானேம்மா, கொஞ்சம் சாஃப்டா இருக்கட்டுமே" என்று பதில் வந்தது.

கணினியில் வரும் தமிழ் எழுத்துருக்களின் பெயர்களைக் கவனித்திருக்கிறீர்களா? லதா, விஜயா, நிர்மலா, பாமினி. பெயர் வைக்கும்போது மட்டும் பெண்கள் தாராளமாக வந்துவிடுகிறார்கள். அந்த எழுத்தில் பெண்ணுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று வரும்போதுதான் பட்டாம்பூச்சி பறக்கிறது :-)

இதற்கு ஏன் இவ்வளவு கோபம் என்கிறீர்களா? எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அங்கே ஒரு சூப்பர்வைசர் கொடுத்த தொல்லையை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் ஐந்து மாதம் உள்ளேயே வைத்திருந்து, கடைசியில் வேலையை விட்டுவிட்டார். அதற்கப்புறம்தான் என்னிடமே சொன்னார். "புகார்க் குழுன்னு ஒண்ணு இருக்குமேக்கா, போர்டுல ஒட்டியிருப்பாங்களே" என்றேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "கேன்டீன் பக்கத்துல இங்கிலீஷ்ல ஏதோ பேப்பர் ஒட்டியிருந்துச்சு பாப்பா. நான் ஏதோ கம்பெனி கணக்குன்னு நெனச்சேன்." அந்தப் பேப்பருக்குப் பக்கத்திலேயே மதியச் சாப்பாடு என்ன என்று மார்க்கர் பேனாவில், தமிழில், கொட்டை எழுத்தில் எழுதியிருக்குமாம். சாம்பாரா ரசமா என்பது பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். தன்னைக் காப்பாற்றும் சட்டம் மட்டும் பத்து பாயின்ட் ஆங்கிலத்தில்.

இப்போது சட்டத்தைப் பார்ப்போம். பணியிடத்தில் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான சட்டம் 2013-ல் வந்தது. அதன் 19-வது பிரிவுப்படி, இந்தக் குற்றத்துக்கு என்ன தண்டனை என்பதையும் புகார்க் குழுவை அமைத்த உத்தரவையும் எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் வைக்க வேண்டியது முதலாளியின் கடமை. 9-வது பிரிவுப்படி, சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னொரு 3 மாதம் நீட்டிக்கலாம். ஆக, அந்த நோட்டீஸ் புரியாமல் போகிற ஒவ்வொரு நாளும் அந்த அக்காவின் கணக்கிலிருந்து கழிகிறது. நோட்டீஸ் ஒட்டியாயிற்று என்று கம்பெனி டிக் அடித்துக்கொள்ளும். கெடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

காமர்ஸ்காரிக்கு இங்கேதான் வயிறு எரிகிறது. பிஸ்கட் பாக்கெட்டில் விலையும் எடையும் எத்தனை மில்லிமீட்டர் உயர எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2011-ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகள் சொல்கின்றன. சிகரெட் பெட்டியில் எச்சரிக்கை 85 சதவீத இடத்தை அடைக்க வேண்டும் என்பது 2016 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஆனால் 19-வது பிரிவில் எழுத்தின் அளவு பற்றி ஒரு சொல் கிடையாது. எந்த மொழி என்பதும் கிடையாது. இத்தனைக்கும் 1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 108-வது பிரிவு, நோட்டீஸ்கள் ஆங்கிலத்தோடு பெரும்பான்மைத் தொழிலாளர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும், நுழைவாயில் அருகே இருக்க வேண்டும், சுத்தமாகப் படிக்கும்படி இருக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. 1948-ல் எழுதியவர்களுக்குத் தோன்றியது 2013-ல் ஏன் தோன்றவில்லை?

எங்கள் பக்கத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஓசூரில் ஒரே தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நாலும் கேட்கும். இப்போது ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். போச்சம்பள்ளி ஆலையில் 10,000 பெண்களுக்கு வேலை என்று 2021 செப்டம்பரில் ஓலா அறிவித்தபோது மாவட்டமே பேசியது. பெண்கள் எத்தனை பேர் வருவார்கள் என்று பேசினோமே தவிர, அவர்கள் எந்த எழுத்தைப் படிப்பார்கள் என்று நம்மில் யாரும் பேசவில்லை.

சரி, "சாஃப்டா இருக்கணும்" என்ற வாதத்துக்கு வருகிறேன். பெண்ணுரிமைக்காக போஸ்டர் ஒட்டியவர்கள் எல்லாம் சாஃப்டாகவா ஒட்டினார்கள்? 1985-ல் நியூயார்க்கில் கொரில்லா கேர்ள்ஸ் என்று ஒரு பெண் கலைஞர் குழு கிளம்பியது. 1989-ல் அவர்கள் போட்ட புகழ்பெற்ற போஸ்டரில் இருந்தது முக்கியமாகக் கணக்குதான். அங்குள்ள பெரிய மியூசியத்தின் நவீன கலைப் பிரிவில் பெண் கலைஞர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு, நிர்வாண ஓவியங்களில் 85 சதவீதம் பெண்கள் என்ற கணக்கு. தடித்த எழுத்து, இரண்டு எண். பட்டாம்பூச்சி தேவைப்படவில்லை.

தடித்த நேரான எழுத்து ஆண் எழுத்து, வளைந்தது பெண் எழுத்து என்பதும் கட்டுக்கதை. இங்கிலாந்தில் மோனோடைப் அச்செழுத்துத் தொழிற்சாலையின் வரைவுக்கூடத்தில் பெரும்பாலும் பெண்கள்தான் உட்கார்ந்து எழுத்துகளைத் துல்லியமாக வரைந்துகொடுத்தார்கள். புகழ் வேறு பெயர்களுக்குப் போயிற்று. ரெடிங் பல்கலைக்கழகத்தில் ஃபியோனா ராஸ் தலைமையில் நடந்த ஆய்வுத் திட்டம் ஒன்று அந்தப் பெண்களின் வரலாற்றைத் தேடி எடுத்திருக்கிறது. பேப்பரில் நாம் பார்க்கும் நேரான எழுத்துக்குப் பின்னாலும் ஷிஃப்ட் பெண்களின் கைதான் இருந்திருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் திட்டாமல் விடமாட்டேன். ஜூஜூவாடி தாண்டினால் கர்நாடகா, இன்னும் கொஞ்ச தூரம் போனால் பெங்களூரு. அங்கே ஜாஸ்மின் பதேஜா 2003-ல் தொடங்கிய பிளாங்க் நாய்ஸ் குழு செய்த ஒரு காரியம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பெண்கள் உடையில் ஆளுக்கொரு எழுத்தாக சிவப்பு ரிஃப்ளெக்டரில் ஒட்டிக்கொண்டு, சிக்னலில் வரிசையாக நின்று, "ஒய் ஆர் யூ லுக்கிங் அட் மீ" என்று வண்டிக்காரர்களைக் கேட்டார்கள். எழுத்தையே உடம்பில் சுமந்த தைரியம் அது. ஆனால் கேள்வி ஆங்கிலத்தில். அதே ரோட்டில் கம்பெனி பஸ்ஸில் போகும் எங்கள் தெரு அக்காவுக்கு அது தனக்காகவும் கேட்கிற கேள்வி என்று எப்படித் தெரியும்? பெண்ணியம் ஆங்கிலத்தில் மட்டும் அழகாக இருந்தால், அது அந்த கேன்டீன் நோட்டீஸுக்கு ஒன்றுவிட்ட தங்கச்சிதான்.

பின்னே எப்படித்தான் செய்வது? ராஜஸ்தான் கிராமப் பெண்கள் செய்து காட்டியிருக்கிறார்கள். பெண் உடலைப் பற்றிய ஒரு புத்தகத்தை 75 கிராமத்துப் பெண்கள் சேர்ந்து உருவாக்கினார்கள். 'ஷரீர் கி ஜான்காரி' என்று பெயர். காளி ஃபார் விமன் பதிப்பகம் 1989-ல் வெளியிட்டது. முதலில் உடலை ஆடையில்லாமல் வரைந்திருந்தார்கள். ஊருக்குள் கொண்டுபோய்க் காட்டியபோது, இப்படி யாரையும் எங்கள் ஊரில் பார்க்க முடியாதே என்று சொன்னார்கள். உடனே ஆடையோடு வரைந்து, அந்த ஆடையைக் காகித மடிப்பாகத் தூக்கிப் பார்க்கும்படி மாற்றினார்கள். விஷயம் ஒன்றுகூடக் குறையவில்லை, படிக்கிறவருக்குக் கூச்சமும் இல்லை. டிசைன் என்றால் இது. படிக்கப் போகிறவரிடம் காட்டி, கேட்டு, திருத்துவது.

"அப்போ அழகே வேண்டாமா?" என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். வேண்டும்டி தாயே, யார் வேண்டாம் என்றது? மடிப்பைத் தூக்கினால் உண்மை தெரிகிற அந்தப் பக்கத்தைவிட அழகு எது? அழகுக்காக நம்பரை அழித்தாயே, அதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

அடுத்த மார்ச் 8-க்கு போஸ்டர் போடும் கல்லூரி, சங்கம், கம்பெனி எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள். அச்சுக்குக் கொடுக்கும் முன் அதை ஷிஃப்ட் பஸ்ஸிலிருந்து இறங்கும் முதல் ஐந்து பெண்களிடம் பத்தடி தூரத்தில் பிடித்துக் காட்டுங்கள். யாரிடம் போக வேண்டும், எத்தனை நாளுக்குள் போக வேண்டும் என்று அவர்கள் படித்துச் சொல்லிவிட்டால் அச்சடியுங்கள். சொல்ல முடியாவிட்டால் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதுங்கள். புகார்க் குழு நோட்டீஸ் கேன்டீன் மெனு அளவுக்காவது பெரிதாக இருக்கட்டும், அந்த மெனு இருக்கும் மொழியிலேயே இருக்கட்டும். கூடவே ஒடியா பேசும் பெண்ணுக்கு ஒடியாவிலும் ஒரு தாள் ஒட்டினால் செலவு எவ்வளவு ஆகிவிடும்? பிரிண்ட் அவுட் கணக்கை நானே போட்டுத் தருகிறேன்.

டிஸ்கி: எங்கள் கல்லூரி ஃபிளெக்ஸ் இன்னும் வாசலில்தான் தொங்குகிறது. வெயிலில் ரோஸ் வெளுத்துவிட்டது. கீழ் ஓரத்தில் மார்க்கர் பேனாவால் யாரோ பெரிதாக 181 என்று எழுதியிருக்கிறார்கள். யார் என்று என்னைக் கேட்காதீர்கள்.