வேலை வாங்கத் தெரியுது, காசு கொடுக்கத் தெரியலையா?

"காண்ட்ராக்டர்னாலே திருடனுங்கதான். பில் வரலைன்னா கெடக்கட்டும் விடு!" பெங்களூர்ல மாநகராட்சி பில் பாக்கி பத்திப் பேச்செடுத்தாலே நம்ம மக்கள் விடற டயலாக் இது. நானும் இந்த ஊர் குழியில வண்டி ஓட்டி ஆபீஸ் போறவன்தான். ஆனாலும் இதை ஏத்துக்க முடியலை. ஏன்னு சொல்றேன், அப்புறம் வந்து கும்முங்க :-)

ரோடு போட்டாச்சு. இன்ஜினியர் அளந்து பார்த்து எம்-புக்ல (அதாங்க, அளவுப் புத்தகம்) எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. அப்படின்னா வேலை நடந்திருக்குன்னு மாநகராட்சியே ஒத்துக்கிச்சுன்னுதானே அர்த்தம்? வேலை மட்டம்னா பில்லுல பிடிங்க, பிளாக்லிஸ்ட் பண்ணுங்க. யார் வேணாங்கறா? குறையும் சொல்லாம காசும் கொடுக்காம ஃபைலைத் தூங்கப் போடறதுதான் அயோக்கியத்தனம்.

தூங்கற ஃபைலை எழுப்ப ஒரு ரேட் இருக்குங்கறதுதான் புகாரே. 2021ல கர்நாடக காண்ட்ராக்டர்கள் சங்கம், 40 சதவீதம் வரைக்கும் கமிஷன் கேட்கறாங்கன்னு பிரதமருக்கே கடிதம் எழுதிச்சு. 2023 தேர்தல்ல அதை வச்சே பிரசாரம் பண்ணினாங்க. ஆட்சி மாறிச்சு. என்னாச்சு? பழைய வேலைகளை விசாரிக்கணும்னு பில்லை நிறுத்தினாங்க. அந்த ஆகஸ்ட்லயே காண்ட்ராக்டருங்க ஆளுநர்கிட்ட போய் நின்னாங்க. விசாரணை வேணும்தான். ஆனா ஒழுங்கா வேலை செஞ்சவனும் ஏன் அதே கியூவுல நிக்கணும்?

கோர்ட்டுக்குப் போகலாமேன்னு கேட்பீங்க. போறாங்க. ரிட் போட்டா, "இது ஒப்பந்தத் தகராறு, சிவில் கோர்ட்டுக்குப் போகட்டும்"னு அரசு வக்கீல் ஆரம்பிப்பார். அரசாங்கம் தன்னிச்சையா நடந்துகிட்டா ஒப்பந்த விஷயத்துலயும் ரிட் செல்லும்னு ஏபிஎல் இன்டர்நேஷனல் வழக்குல 2003லயே உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. 2021ல யூனிடெக் வழக்குலயும் அதையே சொல்லிச்சு. ஆனா "மனுவை இத்தனை வாரத்துக்குள்ள பரிசீலிங்க"ன்னு ஒரு உத்தரவோட பல வழக்கு முடிஞ்சிடும். பரிசீலிச்சு, "நிதி இல்லை"ன்னு ஒரு பதில் வரும். மறுபடி முதல்லேர்ந்து....

சிவில் வழக்குக்கு மூணு வருஷம்தான் கெடு. மனு மேல மனு போட்டா அது நீளாது. சிறுதொழிலுக்கு 45 நாளுக்குள்ள பணம், தாமதிச்சா கூட்டு வட்டின்னு 2006ல ஒரு சட்டம் வந்துச்சே? கட்டுமான ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாதுன்னு சில உயர் நீதிமன்றங்கள் சொல்லிட்டாங்க. போச்சா!

பெரிய கம்பெனி தாங்கிக்கும். சின்ன காண்ட்ராக்டர் வட்டிக்கு வாங்குவார். ஜல்லிக் கடைக்காரன் போனை எடுக்க மாட்டார். மேஸ்திரிக்கு சனிக்கிழமை கூலி நிக்கும். அந்த வட்டியை அடுத்த டெண்டர்ல ஏத்துவார், இல்லைன்னா தார்ல குறைப்பார். ரெண்டுமே நம்ம தலையிலதான் விடியும். நேர்மையா வேலை செய்யறவன் தொழிலை விட்டே ஓடிடுவான். மிஞ்சறது யாருன்னு நான் சொல்லணுமா?

2025ல பெங்களூர் மாநகராட்சியை அஞ்சாப் பிரிச்சாங்க. போர்டு மாத்தினா போதாது சாமி. பணம் ஒதுக்காம வொர்க் ஆர்டர் கொடுக்காதே. எந்த பில் எந்தத் தேதியில வந்ததுன்னு ஊரறியப் போடு. முதல்ல வந்த பில்லுக்கு முதல்ல பணம் கொடு. தாமதிச்சா கேட்காமலே வட்டி கொடு. இந்த நாலையும் செய்ய கோர்ட் உத்தரவா வேணும்?

காண்ட்ராக்டரைத் திட்டறவங்க தாராளமா திட்டுங்க. அப்படியே அந்த பில்லைத் தூங்க வச்ச ஆபீஸரையும் ரெண்டு வார்த்தை கேளுங்க.