ஊசி போடத் தெரிந்தால் போதாதா?

என் சித்தி மகளை நர்சிங் படிக்கச் சேர்க்கும்போது மாமா கேட்டார்: "அங்கீகாரம் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? ஊசி போடத் தெரிஞ்சா போதாதா?" தன் மகனுக்கு இன்ஜினியரிங் கல்லூரி தேடியபோது ஏஐசிடிஇ அனுமதி உண்டா, அண்ணா பல்கலைக்கழக இணைப்பு உண்டா என்று ஊரெல்லாம் விசாரித்தவர் அவர்தான்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு கடையின் மாடியில் இரண்டு அறைகள். ஓராண்டு 'டிப்ளமோ'. வெள்ளைச் சீருடை தந்தார்கள், விளக்கேற்றும் விழாகூட நடத்தினார்கள். பதிவெண் மட்டும் கிடைக்கவில்லை. கிடைக்காது என்பது பள்ளி முதலாளிக்குத் தெரியும். செவிலியர், மருத்துவச்சிகளைப் பதிவு செய்யும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1926இலேயே வந்துவிட்டது. ஏ.என்.எம். இரண்டு ஆண்டு, ஜி.என்.எம். மூன்று ஆண்டு. அதை அங்கீகாரம் பெற்ற பள்ளியில் முடித்தால்தான் மாநில நர்சிங் கவுன்சிலில் பெயர் ஏறும். பெயர் ஏறாதவள் அரசு நர்ஸ் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாது.

ஆனால் தனியார் நர்சிங் ஹோமில் அவளுக்கு உடனே வேலை கிடைத்தது. ஆறு வருடமாக நைட் டூட்டி. நரம்பு கிடைக்காத குழந்தைக்கு வென்ஃப்ளான் போட அவளைத்தான் கூப்பிடுகிறார்கள். சம்பளப் பதிவேட்டில் அவள் 'உதவியாளர்'. நோயாளிக்கு 'சிஸ்டர்'. நாளை ஏதாவது தவறு நடந்தால் 'தகுதியில்லாதவர்'. ஒரே பெண்ணுக்கு மூன்று பெயர். எது எப்போது என்பதை நிர்வாகம் முடிவு செய்யும். அங்கீகாரமில்லாத பள்ளிகள் யாரை நம்பிப் பிழைக்கின்றன என்று இனியும் கேட்க வேண்டுமா?

இந்தப் பதிவேடுகள்தானே நம் ஊர் மருத்துவச்சிகளை ஓரங்கட்டின என்று தோழி ஒருத்தி வாதிட்டாள். உண்மைதான், அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. ஆனால் கட்டணம் வாங்கிக்கொண்டு பதிவெண் தராமல் அனுப்புகிறவன் மருத்துவச்சியின் வாரிசு அல்ல. கைத்திறன் போதும், தாள் எதற்கு என்று டாக்டரிடம் யாரும் சொல்வதில்லை. பெண்ணின் கூலியைக் குறைக்கும்போதுதான் 'சேவை' என்ற சொல் வெளியே வருகிறது.

படிக்கச் சேரும் பெண்ணே, அலுவலகத்தில் ஒன்றைக் கேள்: "முடித்தபின் எந்தக் கவுன்சிலில் எனக்குப் பதிவெண்? எழுதித் தருவீர்களா?" கேட்காமல் ஏமாந்தவளைக் குறை சொல்ல நான் தயாரில்லை. அந்தப் பலகையைத் தினமும் கடந்துபோகிற அதிகாரிகளுக்கும் கண் இருக்கிறது.

சித்தி மகள் இப்போது ஏ.என்.எம். விண்ணப்பம் வாங்கி வந்திருக்கிறாள். "இந்த வயசுல எதுக்கும்மா?" என்கிறார் மாமா.