ஒற்றைத் தொகை சொல்லி ஏமாற்றாதே!

தோழர்களே,

"ஒரு வீட்டுக்கு இத்தனை இலட்சம், இத்தனை மாதம்" என்று மேடையில் ஒரே தொகையைச் சொல்கிறார்கள். மண் பார்க்கவில்லை. பாதை, தண்ணீர் எங்கிருந்து வரும் என்று தெரியாது. லயத்தில் எத்தனை குடும்பம் என்ற கணக்கும் சரியில்லை. பிறகு தொகை மட்டும் எப்படி வந்தது?

2022இல் டொலர் மூன்று மாதத்துக்குள் 200 ரூபாய் அளவிலிருந்து 360ஐத் தாண்டியது. அதற்கு முன் போட்ட மதிப்பீடு சீமெந்துக்கும் கம்பிக்கும் காணுமா? பணம் குறைந்தால் முதலில் வெட்டப்படுவது வடிகானும் அணைச்சுவரும்தான். மலைச்சரிவில் அது உயிர் விஷயம். மீரியபெத்தையில் 2005லேயே எச்சரிக்கை வந்தும் மக்கள் மாற்றப்படவில்லை. 2014 ஒக்டோபர் 29இல் மலை சரிந்தது.

"எல்லாம் தெரிந்த பிறகு தொடங்குவோம்" என்பதும் ஏமாற்றுத்தான். காத்திருந்தது போதும்!

நமது கோரிக்கை: தெரியாததைத் தெரியாது என்றே எழுது. குறைந்தது எவ்வளவு, கூடியது எவ்வளவு என்று இரண்டு தொகையும் சொல். முதலில் பத்து வீடு கட்டி, உண்மைச் செலவைப் பார்த்து மிச்சத்தைக் கணக்கிடு. விலை ஏறினால் யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் போடு. தொழிலாளி தலையில் கட்டாதே.

தோழர்களே, மதிப்பீட்டைத் தமிழில் கேளுங்கள். காட்டாத கணக்குக்குக் கையெழுத்து வைக்காதீர்கள்!