லைட்டை அணைத்தது யார்?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. திருச்சுழியைத் தாண்டினால் வரும் கமுதியில், 2016-ல் தொடங்கிய சூரிய மின் நிலையத்தின் திறன் மட்டும் 648 மெகாவாட். அந்த வெயிலில் பந்தை உதைக்க முடியுமா? பொழுது சாய்ந்தால்தான் ஆட்டம். ஃபைனலை ராத்திரியில் வைத்தால் கூட்டமும் சேரும். ஆனால், லைட் வேண்டும்.

நடு ஆட்டத்தில் லைட் போனால் எல்லோரும் முதலில் திட்டுவது மின்வாரியத்தைத்தான். சுற்றிலும் தெருவிளக்கு எரிந்துகொண்டிருக்க, மைதானம் மட்டும் இருண்டால் கோளாறு உள்ளேதான் இருக்கும். ஜெனரேட்டர், ஸ்விட்ச் போர்டு, ஒயர்... சில நேரம் ஆளும்!

லண்டனில் அதுதான் நடந்தது. 1997 நவம்பர் 3. வெஸ்ட் ஹாம், கிரிஸ்டல் பேலஸ் அணிகள் 2-2 சமநிலையில் இருந்தபோது மைதானம் இருண்டது. டிசம்பர் 22-ல் விம்பிள்டன் - ஆர்சனல் ஆட்டம் கோல் இல்லாமல் போய்க்கொண்டிருக்க, மறுபடியும் இருட்டு. யாருக்கும் பெரிதாகச் சந்தேகம் வரவில்லை. பாதி ஆட்டம் முடிந்த பிறகு நின்றுபோனால், அப்போதைய ஸ்கோருக்கே பணம் தருவது அன்று ஆசியச் சூதாட்டத் தரகர்கள் பலரின் வழக்கமாக இருந்தது. ஸ்கோர் தோதாக அமைந்ததும் லைட்டை அணைத்துவிட்டது மலேசியச் சூதாட்டக் கும்பல் ஒன்று.

1999 பிப்ரவரியில் சார்ல்டன் மைதானத்திலும் ரிமோட் கருவி பொருத்த முயன்றார்கள். விலைபோன காவலாளி, சக காவலாளி ஒருவரையும் பணம் காட்டி இழுத்தார். அவர் சொல்லிவிட, கும்பல் கையும் களவுமாகச் சிக்கி ஜெயிலுக்குப் போனது.

நின்றுபோன ஆர்சனல் ஆட்டம் 1998 மார்ச்சில் மறுபடி நடந்தது. ஆர்சனல் 1-0 என ஜெயித்தது. சீசன் முடிவில் ஆர்சனலுக்கு 78 புள்ளி, மான்செஸ்டர் யுனைடெடுக்கு 77! அந்த 0-0 அப்படியே நின்றிருந்தால் ஆர்சனல் கணக்கில் இரண்டு புள்ளி குறைந்திருக்கும்.

சதியே இல்லாமலும் லைட் போகும். 2025 பிப்ரவரி 9-ல் கட்டாக்கில் இந்தியா - இங்கிலாந்து கிரிக்கெட் அரை மணி நேரம் போல நின்றது. ஒரு ஜெனரேட்டர் படுத்துவிட்டது. மாற்று ஜெனரேட்டருக்கு வழியில் கார் நின்றதாம். இது மாநிலச் சங்கமே சொன்ன விளக்கம்.

கரண்ட் திரும்பிய பிறகும் லைட் ஏன் உடனே எரிவதில்லை? பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள் சூடு ஆறினால்தான் மறுபடி பற்றும். அதற்கே பத்து, பதினைந்து நிமிடம் ஆகும். எல்இடிக்கு அந்தத் தொல்லை கிடையாது. அதற்குள் வியர்வை காய்ந்து, தசை இறுகிவிடும். அந்த நிலையில் ஓடச் சொன்னால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நடுவர் கொஞ்சம் வார்ம்-அப் நேரம் தருவது நல்லது.

ஆட்டம் அடியோடு நின்றுபோனால்? ஃபுட்பால் விதி 7-ன்படி முழு ஆட்டத்தையும் மறுபடி ஆட வேண்டும். போட்டி நடத்துபவர்கள் வேறு விதி வைத்திருந்தால் அதன்படி. உள்ளூர் டோர்னமென்ட் நோட்டீஸில் பரிசுத்தொகை கொட்டை எழுத்தில் இருக்கும், நன்கொடையாளர் பெயர்கள் வரிசையாக இருக்கும். இந்த ஒரு வரிக்கு மட்டும் இடம் இருக்காது.